ஆறாவது பாட்டுக்கு மூன்று கை

கம்ப்யூட்டரில் ட்ரம்ஸ் எழுதுகிறவர்களை ஒரு நாளாவது ட்ரம்ஸ் செட்டுக்குப் பின்னால் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் புத்தி வரும். சின்னவனுக்கு அந்தப் புத்தி வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான், அதுவும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு காரியம் செய்த பிறகு.

வயது முப்பத்தொன்று ஆனாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் வாங்கிப் போகிறவருக்குத் தலைவலி வரும் என்று பொறுப்பாகத் தேய்ப்பான். சாயங்காலம் ஆனால் கிதாரைத் தூக்கிக்கொள்வான். அவர்களுடைய இசைக்குழுவுக்குத் 'துரு' என்று பெயர். மெட்டல்கோர் வாசிப்பார்கள். கேட்காதவர்களுக்குச் சொல்வதென்றால், நாலு பேர் சேர்ந்து வீட்டை இடிக்கிற சத்தம், நடுவில் திடீரென்று உருகவைக்கிற ஒரு மெட்டு, பிறகு மறுபடி இடிப்பு. பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். பிடித்தவர்களை அடித்தாலும் விரட்ட முடியாது.

பாடுவது அண்ணன். பாடுவது என்றால் கரடியாய்க் கத்துவது. பகலில் அவன் பள்ளிக்கூட நூலகர். 'உஷ்' என்று சொல்லியே பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவன் மைக்கைப் பிடித்தால் இப்படிக் கத்துவான் என்று சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். பேஸ் கிதார் வாசிக்கிறவர் தபால் ஆபீஸில் இருப்பதால் அவர் பெயரே தபால். இந்த மாதிரி இசையில் பேஸ் யார் காதிலும் விழாது. அதனால் அவருக்கு எதிலும் கோபம் வராது.

ட்ரம்ஸ் அண்ணி. அண்ணனுடைய மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் முதல் வண்டி அவளுடையது. ஆறடி அகல முன்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு காலையும் இரண்டு கையையும் கண்ணையும் தனித்தனியாக வேலை வாங்குகிறவளுக்கு ட்ரம்ஸ் பெரிய விஷயமில்லை என்று அண்ணன் பெருமையாகச் சொல்வான். அது அபத்தம். அண்ணி வாசிப்பது பேருந்து ஓட்டுவதால் வந்ததில்லை, பதினாறு வருஷம் உட்கார்ந்து பழகியதால் வந்தது. பழகுகிறவர்களின் உழைப்பைப் பார்க்காமல் இப்படிச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. மெத்தைக் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்குதான் பயிற்சி இடம். விற்காத மெத்தைகளைச் சுவரெல்லாம் நிறுத்தி வைத்திருந்ததால் சத்தம் வெளியே போகாது. எட்டுப் பாட்டு சேர்ந்தது. முதல் ஆல்பத்தை முறையாக ஒரு ஸ்டுடியோவில் போய்ப் பதிவு செய்வது என்று முடிவானது. பத்து நாள் கிடைத்தது. ட்ரம்ஸுக்கு முதல் இரண்டு நாள், கிதாருக்கு நாலு, பேஸுக்கு ஒன்று, குரலுக்கு மூன்று.

பாட்டெல்லாம் சின்னவன் எழுதியது. எழுதுகிற விதம் இதுதான்: கிதாரை வாசித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான், பிறகு திரையில் இருக்கிற கட்டங்களில் மவுஸால் ஒவ்வொரு அடியாக அழுத்தி ட்ரம்ஸையும் எழுதிவிடுவான். இந்தக் கட்டத்தில் அழுத்தினால் சிம்பல் என்கிற உலோகத் தட்டு, அந்தக் கட்டத்தில் அழுத்தினால் ஸ்நேர் என்கிற சின்ன ட்ரம். கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும். அதை அண்ணியிடம் கொடுப்பான். அண்ணி கேட்டுப் பழகிக்கொள்வாள்.

ஆறாவது பாட்டு கடைசியாக எழுதியது. அதில் மூன்றாவது நிமிஷம் தொடங்குகிற இடத்தில் ஒரு பிரேக்டவுன். அதாவது அதுவரை ஓடிவந்த பாட்டு திடீரென்று வேகம் குறைந்து, எல்லா வாத்தியமும் ஒரே அடியாக, ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி விட்டு விழுகிற இடம். கூட்டத்தில் நிற்கிறவர்களின் நெஞ்செலும்பு அதிர வேண்டும். சின்னவன் அதை எழுதின ராத்திரி தன் திறமையை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டான். பன்னிரண்டு அடி. ஒவ்வொன்றும் கதவை உடைக்கிற அடி.

ஒத்திகையில் மட்டும் அண்ணி அந்தப் பன்னிரண்டு அடியை மேலோட்டமாகத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். கேட்டால், அந்த இடத்தை நான் பார்த்துக்கிறேன் என்பாள். ஏழு மாசமாக அதே பதில். அண்ணிக்கு அது வரவில்லை, சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று சின்னவன் முடிவு கட்டிக்கொண்டான். அவளிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் இல்லாமலா போயிற்று?

ஸ்டுடியோவுக்கு மூன்று வாரம் முன்னால், பதிவு செய்யப்போகிற இன்ஜினியர் பாட்டுகளைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். நாற்பது தாண்டியவர், வாயில் எதுவும் தங்காது, ஆனால் காது தங்கம். சின்னவன் மட்டும் போனான். ஆறாவது பாட்டைத் திறந்ததும் அவர் அந்த இடத்தில் நிறுத்தினார். திரையைப் பெரிதாக்கினார். சிரிக்க ஆரம்பித்தார்.

"இங்க மூணு கை வேணுமேப்பா. யாருக்கு இருக்கு உங்க வீட்ல?"

சின்னவன் குனிந்து பார்த்தான். இடது கைக்கு ஸ்நேர். வலது கைக்குப் பெரிய சிம்பல். அதே நொடியில் வலது கோடியில் இருக்கிற சைனா சிம்பல், ஓரம் மடங்கியிருக்கும், தகரத்தை அடிக்கிற மாதிரி சத்தம் போடுமே, அது. கால் இரண்டும் கீழே பெரிய ட்ரம்மின் இரட்டைப் பெடலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பன்னிரண்டு இடத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தான். கேட்க நன்றாக இருந்தது, மேலே மேலே அழுத்திக்கொண்டே போயிருக்கிறான். எண்ணிப் பார்க்கவே இல்லை. அரை மில்லிமீட்டருக்கு உயிரை விடுகிறவன் ஒரு மனுஷிக்கு எத்தனை கை என்பதைக் கோட்டை விட்டிருந்தான்.

இதெல்லாம் சகஜம், எல்லாரும் செய்கிறதுதான் என்று இன்ஜினியர் தேற்றினார். பிறகு அவரே வழியும் சொன்னார். இந்தக் காலத்தில் பாதிக் குழுக்கள் முதல் ஆல்பத்தில் ட்ரம்ஸை வாசிப்பதே இல்லை. கம்ப்யூட்டரில் எழுதினதற்கே நல்ல ட்ரம்ஸ் சத்தத்தை ஏற்றி வைத்துவிடுகிறார்கள். ஒரு பாட்டுக்கு மட்டும் வைத்தால் வித்தியாசம் தெரியும், எட்டுக்கும் வைத்துவிடலாம். அந்த இரண்டு நாளும் கிதாருக்கே கிடைக்கும். கச்சிதமாக இருக்கும்.

சின்னவன் யோசித்தான் என்று சொன்னால் பொய். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கிதாருக்கு ஆறு நாள் என்றதும் மனசு அங்கே போய்விட்டது. தவிர, வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் உள்ளே இருந்தது: கம்ப்யூட்டர் வாசிப்பது அவனே எழுதினது, அவன் நினைத்தபடியே விழும். அண்ணி வாசித்தால் அப்படி விழுமோ என்னவோ. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

வருகிற வழியெல்லாம் அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தான். நேரம் இல்லை அண்ணி, ஸ்டுடியோவில் இப்படித்தான் சொல்கிறார்கள் அண்ணி, மேடையில் நீங்கள்தானே வாசிக்கப் போகிறீர்கள் அண்ணி. ஒவ்வொன்றும் வாயில் வைத்தால் கசந்தது. பத்து நாள் சொல்லவில்லை. கடையில் இரண்டு லென்ஸைத் தவறாகத் தேய்த்தான்.

பதினோராம் நாள் மத்தியானம் சொல்லியே தீர்வது என்று கிளம்பினான். அண்ணி வேலை முடித்துக் கிடங்கில் இருப்பாள் என்று தெரியும். மெத்தைக் கடைக்குள் நுழைந்து, கட்டில்களுக்கு நடுவே புகுந்து, பின்கதவை நெருங்கும்போது, கதவிடுக்கு வழியாக, அந்த இடம் கேட்டது. ஆறாவது பாட்டு. பிரேக்டவுன். மூன்று சத்தமும் ஒரே அடியாக. கதவில் கை வைத்தவன் அப்படியே நின்றான். தான் கொடுத்த கம்ப்யூட்டர் பதிவைத்தான் போட்டுக் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தான். ஆனால் நாலாவது அடியில் சத்தம் நின்று, தண்ணீர் குடிக்கிற இடைவெளி விட்டு, மறுபடி முதலிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் தண்ணீர் குடிக்காது.

கதவைத் திறந்தான். அண்ணி மட்டும்தான். இன்னும் சீருடைச் சட்டை மாற்றவில்லை, கையை மட்டும் முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தாள். சைனா சிம்பல் எப்போதும் இருக்கிற வலது கோடியில் இல்லை. இரண்டு மாசமாகவே இடம் மாறியிருந்தது. கிடங்கில் இடம் பத்தாமல் நகர்த்தியிருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் சின்னவன் பார்த்தான். அதைப் பெரிய சிம்பலுக்கு மேலேயே கொண்டுவந்து, இரண்டின் ஓரமும் ஒரு விரல் இடைவெளியில் இருக்கும்படி சாய்த்து வைத்திருந்தாள். வலது கைக் குச்சியைச் சாய்வாக இறக்கினாள். குச்சியின் நுனி ஒன்றில் விழுந்தது, நடுப்பகுதி மற்றதில் விழுந்தது. ஒரே கை, இரண்டு சிம்பல். இடது கை ஸ்நேரில். கால் இரண்டும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும். ஒரு இழை முன்னால் போனால் நுனி மட்டும் படும், பின்னால் வந்தால் நடு மட்டும் படும், மணிக்கட்டை வெளிப்பக்கம் முறுக்கிக்கொண்டே முழு வலுவோடு அடிக்க வேண்டும். தரையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. நிறைய உடைந்த குச்சிகள். எல்லாம் ஒரே இடத்தில், சரியாக நடுவில், கடித்துத் துப்பின மாதிரி உடைந்திருந்தன. மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள்.

"வந்துட்டியா. இப்ப பன்னெண்டுல பத்து சரியா விழுது," என்றாள். "நாள் வர்றதுக்குள்ள பன்னெண்டும் வந்துரும்."

சின்னவன் பெட்டியிலிருந்து உடைந்த குச்சி ஒன்றை எடுத்துப் பார்த்தான். எப்பேர்ப்பட்ட மனுஷி. தான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தின பன்னிரண்டு கட்டத்துக்கு ஏழு மாசம் கொடுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல். அண்ணன் எழுதியிருந்தால் அண்ணனை நாலு கேள்வி கேட்டிருப்பாள். மச்சினன் ஏதோ யோசித்துத்தான் எழுதியிருப்பான் என்று நம்பியிருக்கிறாள். கட்டி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நல்லா இருக்கு அண்ணி என்றான். வேறென்ன சொல்வது?

வெளியே வந்ததும் இன்ஜினியருக்குப் போன் போட்டான். ட்ரம்ஸ் அண்ணியே வாசிக்கட்டும் என்றான். அவர் அலுத்துக்கொண்டார். அந்த முதல் இரண்டு நாளும் ட்ரம்ஸ் அறையை இன்னொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, ட்ரம்ஸ் பதிவாகாமல் கிதாரைத் தொடங்கவும் முடியாது, அதனால் அந்த இரண்டு நாளும் போனதுதான், வேண்டுமானால் உன்னுடைய கிதார் நாட்களில் இரண்டை எடுத்துக்கொள் என்றார். ஆறு நாள் ஆசையில் இருந்தவனுக்கு இரண்டே நாள்தான் மிஞ்சும். சின்னவன் சரி என்றான். இந்த முறையும் யோசிக்கவில்லை. முன்பு என்ன பேசினோம் என்பது அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். வாயில் எதுவும் தங்காத ஆளிடம் போய்!

பதிவு நாள் வந்தது. முதல் நாளிலேயே அண்ணி ஐந்து பாட்டை முடித்தாள். காதில் கம்ப்யூட்டர் டிக் டிக் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், அதற்குச் சரியாக வாசிக்க வேண்டும். மாட்டு வண்டிக்குப் பின்னால் பேருந்து ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொண்டாலும் பிசகாமல் வாசித்தாள். மறுநாள் காலையில் இரண்டு. மத்தியானம் ஆறாவது பாட்டு மட்டும் மிச்சம். முதல் தடவை ஒன்பதாவது அடி நழுவியது. இரண்டாவது தடவை பன்னிரண்டும் விழுந்தது. அறைக்கு நடுவிலிருந்த கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், இன்ஜினியர் பக்கத்தில், அண்ணன் நூலகத்தை மறந்து கைதட்டினான். தபால் எழுந்தே நின்றுவிட்டார்.

இன்ஜினியருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே பேசுகிற பொத்தானை அமுக்கிக்கொண்டு மனசாரச் சொன்னார்:

"நல்லவேளைம்மா. இவர் முதல்ல சரின்னு சொன்ன மாதிரி எட்டுக்கும் கம்ப்யூட்டரையே போட்டிருந்தா இது கிடைச்சிருக்குமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி அப்படியே உட்கார்ந்திருந்தாள். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். குச்சி இரண்டையும் ஸ்நேர் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். எழுந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே போனாள். அண்ணன் எழுந்தான். சின்னவன் அவன் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டுத் தான் போனான்.

அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு படி கீழே நின்றான். உட்காரத் தைரியமில்லை.

"எப்ப சொன்னே?"

"மூணு வாரத்துக்கு மேல இருக்கும் அண்ணி."

"என்கிட்ட கேக்கணும்னு தோணலையா?"

"தோணிச்சு. கேட்டா முடியும்னு சொல்லுவீங்க. உங்களால முடியாதுன்னு நான் நினைச்சேன்." இதற்குமேல் மறைத்து என்ன? மிச்சத்தையும் கொட்டினான். "அதை நான் யோசிச்சு எழுதலை அண்ணி. மூணு கை வேணும்னே எனக்குத் தெரியாது. சும்மா அழுத்திட்டேன். நீங்க ஏழு மாசம் கஷ்டப்பட்டது வெறும் ஒரு தப்புக்காக."

அண்ணி முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தப்புன்னு எனக்கு முதல் நாளே தெரியும். ட்ரம்ஸ் வாசிக்கிறவளுக்குத் தெரியாதா?"

அண்ணியே தொடர்ந்தாள்.

"சொல்லியிருந்தா நீ ஒண்ணை எடுத்திருப்பே. எனக்கு எடுக்க மனசு வரலை. அது மூணும் சேர்ந்து விழுறப்போ எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? நான் கேட்டதுலயே அப்படி ஒண்ணு கேட்டதில்லை. அதனாலதான் வாயைத் திறக்கலை." பட்டை கட்டின மணிக்கட்டை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். "நீ தப்பா எழுதினதையே நான் நம்பினேன் தம்பி. நீ என்னை நம்பலை. எனக்குக் கோபம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

மன்னிச்சிருங்க என்று சொல்ல வந்தான், அந்த வார்த்தை போதாது என்று பட்டது. பெருமைப்பட்டுக்கொண்டு கட்டின பாட்டு தன்னுடையதே இல்லை என்று தோன்றியது. அவன் அழுத்திவிட்டுப் போனான். அது என்னவென்று காது கொடுத்துக் கேட்டவள் இவள். கண்ணில் நீர் முட்டியது. அண்ணி அதைப் பார்க்காத மாதிரி எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

இன்ஜினியர் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார். அண்ணி அவரிடம் இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றாள். எடுத்ததே பிரமாதமாக இருக்கிறதே என்றார் அவர். இருக்கலாம், எனக்கு அது வேண்டாம் என்றாள். காதில் வருகிற டிக் டிக்கை நிறுத்தச் சொன்னாள். அவர் பதறினார். அது இல்லாமல் போனால் கிதார், குரல் எல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும்?

"என்னைப் பிடிச்சுக்கட்டும்," என்றாள் அண்ணி. "தம்பி, கிதாரை எடுத்துட்டு உள்ள வா. எதிர்ல நில்லு."

சின்னவன் உள்ளே போய் நின்றான். அறை சின்னது, நாலடி தள்ளி அண்ணி. குச்சியால் நாலு எண்ணினாள், பாட்டு கிளம்பியது. ஐந்து வருஷத்தில் அவன் வாசிப்பைப் பிடித்துக்கொண்டு அவள் வாசித்திருக்கிறாள், கம்ப்யூட்டர் கணக்கில் இரண்டு பேரும் வாசித்திருக்கிறார்கள். அவளைப் பார்த்து அவன் வாசித்ததே இல்லை. அது இரண்டாவது வரியிலேயே தெரிந்துபோனது. ஓடுகிற இடத்தில் அவள் ஒரு இழுப்பு முன்னால் இழுத்தாள், அவன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். மெட்டு வருகிற இடத்தில் தளர்த்தினாள், அப்போதுதான் அந்த மெட்டு இவ்வளவு அழகா என்று அவனுக்கே தெரிந்தது.

பிரேக்டவுன் வந்தது. முதல் அடி. அவன் எழுதினதைவிட மெதுவாக. இரண்டாவது, இன்னும் மெதுவாக. அடிக்கு அடி இடைவெளியை அகலப்படுத்திக்கொண்டே போனாள். எந்தக் கட்டத்திலும் அடங்காத இடைவெளி. அடுத்தது எப்போது விழும் என்று அவள் கையைத் தவிர வேறு எதிலும் எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டாவது அடிக்குக் குச்சியைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றாள். சின்னவன் கிதார் மேல் கையை ஓங்கிக்கொண்டு, மூச்சை விடாமல், அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவள் விடவில்லை. இன்னும் விடவில்லை. விட்டாள். இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தார்கள்.

சிம்பல் சத்தம் அடங்குகிற வரை யாரும் அசையவில்லை. அண்ணன் கைதட்டவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இன்ஜினியர் பதிவை ஓடவிட்டுக் கேட்டார். கடைசி அடியில் நிறுத்தினார். தொழில்காரர் அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. இது மட்டும் ரொம்பத் தாமதமாக விழுகிறது, கொஞ்சம் முன்னால் நகர்த்திச் சரி செய்துவிடவா என்று, பாட்டு எழுதினவன் என்பதால், சின்னவனைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணியைக் கேளுங்க," என்றான் சின்னவன்.

அவர் நாற்காலியைத் திருப்பி அண்ணியைக் கேட்டார். அண்ணி அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டாள். இருக்கட்டும் என்றாள். ஆல்பம் வெளியாகி நாளாகிவிட்டது. அந்த அடி இன்றைக்கும் அவள் விட்ட நேரத்தில்தான் விழுகிறது.